ஏகாம்பரம் அழுத்திய எஃப்3

நான் வேலை பார்த்த கம்பெனியின் பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதன் பொறுப்பாளர், ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர், போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், அந்த எஃப்3 கதையை எழுதுங்க. டூல் எதுவும் இல்லாம ரெண்டே நாள்ல பிடிச்சீங்களே! இப்ப இருக்கற பசங்களுக்கு மெமரி கரப்ஷன்னா என்னன்னே தெரியாது சார். இவங்க எழுதற மொழியில அந்தத் தப்பே வராது. கொஞ்சம் சிரிக்கச் சிரிக்க எழுதுங்க."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு வந்தது கோபம்தான். ஆனால் அவரைக் கோபித்து என்ன பயன்? அந்தக் கதையை அவருக்குச் சொன்னவனே நான். புதிதாகச் சேர்கிறவர்களின் வகுப்பில், சாக்பீஸும் கையுமாக, பல வருடம் சொல்லியிருக்கிறேன். பிழையைக் கண்டுபிடித்த இடத்தில் நிறுத்திவிடுவேன். கைதட்டுவார்கள். அதற்கு அடுத்து நடந்ததை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது முழுவதையும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள் பதினோரு பேர். கீழே பிரஸ் அடித்தால் மேலே மானிட்டர் ஆடும். பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வந்து போவேன். சி மொழியை, நகலெடுத்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நானே கற்றேன். மூன்றாம் வருடம் மற்றவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். கர்வம் வந்துவிட்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

எஸ்டேட் தொழிற்சாலைகளுக்கு ஸ்டோர்ஸ் புரோகிராம் எழுதித் தருவது எங்கள் பிழைப்பு. தரவுத்தளம் என்றால் இன்று எங்கோ ஒரு பெரிய இயந்திரத்தில் தனியாக ஓடுகிறது. அப்போது அதை ஒரு நூலகமாக, அதாவது யாரோ தயாராக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பாக, ஃப்ளாப்பியில் வாங்கி, எங்கள் புரோகிராமோடு சேர்த்தே கட்டிவிடுவோம். பதிவுகளைக் காக்கிறவனும் எங்கள் புரோகிராமும் ஒரே அறையில் குடியிருப்பார்கள், நடுவில் சுவர் கிடையாது. எங்கள் கை தவறி அவன் தாளில் எழுதினால், அவன் எதுவும் கேட்காமல் அதை அப்படியே டிஸ்க்கில் சேமித்து வைப்பான். நினைவகத்தில் ஒரு கணம் நடந்த தவறு, டிஸ்க்கில் போனதும் உண்மை ஆகிவிடும். அதற்குப் பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் போகாது.

எங்கள் மேலாளர் சேதுராமன் இதை நன்றாக அறிந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பென்சிலில்தான் எழுதுவார். பிழை என்று யாராவது போனால் அரைத்தாள் ஒன்றை நீட்டுவார். என்ன நடந்தது, எந்த விசைகளுக்குப் பிறகு நடந்தது, ஏன் நடந்திருக்கும் என்று மூன்று வரி எழுதாமல் கீபோர்டைத் தொடக் கூடாது. மூன்றாம் வரி காலியாக இருந்தால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

"எங்க விழுந்ததுன்னு நான் கேக்கலை. எங்க தள்ளினாங்கன்னு கேக்கறேன்" என்பார்.

சரியான கேள்வி. சி மொழியில் ஒரு புரோகிராம் நின்று போகும் இடம் வேறு, கெட்டுப்போன இடம் வேறு. இது தெரியாத ஒரு மனிதர் பின்னால் செய்ததைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

எஸ்டேட்டின் வடக்குத் தெருவில் ஒரு தொழிற்சாலை. வண்டிகளின் ஸ்டியரிங்குக்கான பாகங்களை உருக்கில் அடித்துச் செய்வார்கள். உருக்குக் கம்பிகள் கட்டுக் கட்டாக லாரியில் வரும். ஒவ்வொரு கட்டுக்கும், அது எந்த உலை வார்ப்பில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் உண்டு. பரிசோதனை முடிவைப் பார்த்து ஸ்டோர்ஸ் குமாஸ்தா அந்த எண்ணுக்கு எதிரே பாஸ், ஹோல்டு, ரிஜெக்ட் என்று மூன்றில் ஒன்றை எங்கள் புரோகிராமில் அடிப்பார். பாஸ் என்று இருந்தால்தான் கம்பி பட்டறைக்குள் போகும்.

அந்தக் குமாஸ்தாக்களில் ஒருவர் ஏகாம்பரம். பாரிவாக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள். கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு முன்னால் ஒரு நீளநோட்டில் கையாலும் எழுதி வைப்பார். சக குமாஸ்தாக்கள் கிண்டல் செய்வார்கள்.

"இன்னா மாமே, மிசினுக்கே நீ டியூசன் எடுக்கிறியா?"

"மிசின் மறந்துட்சின்னா?" என்பார் அவர்.

முதலில் வந்த புகார் அவருடையதுதான். எஃப்3 அழுத்தினால் பழைய பதிவு ஒன்றைத் திறந்து பார்க்கலாம், பார்த்துவிட்டுத் திரும்பினால் எழுதிக்கொண்டிருந்த பதிவுக்கே வரலாம். "எஃப்3 போட்டு திரும்புனா மிசின் நின்னுடுது சார், பாதி தபா" என்றார்.

சேதுராமன் அந்த வாரம் ஊரில் இல்லை. நான் அரைத்தாள் எழுதவில்லை. தொழிற்சாலை மேனேஜர் என் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஃப்3 வேலைக்காக நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குவோம், முடிந்ததும் திருப்பிக் கொடுப்போம். திருப்பிக் கொடுக்கும் வரியில் புரோகிராம் நிற்கிறது என்று தெரிந்தது. ஏன் நிற்கிறது என்று பார்க்கவில்லை. திருப்பிக் கொடுப்பதால்தானே நிற்கிறது, கொடுக்காவிட்டால்? இடத்தைக் கேட்டு வாங்காமல் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். இருபது நிமிடம். அப்புறம் நிற்கவேயில்லை. மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புரியும். இதைச் செய்யாதவர்கள் எங்களில் குறைவு. அலறுகிறவன் வாயில் துணியை அடைத்துவிட்டு, நோய் தீர்ந்தது என்று கிளம்பி வருவது. நின்று போன வரைக்கும் அந்தப் புரோகிராம் யோக்கியமாக இருந்தது. நான் கை வைத்த பிறகு பொய் சொல்லத் தொடங்கியது.

நாலைந்து மாதம் போயிற்று. ஹோல்டில் இருக்க வேண்டிய ஒரு கட்டு பட்டறைக்குள் போய்விட்டது. அதில் செய்த பாகங்களில் இரண்டு, வாங்கியவர்களின் சோதனையில் உடைந்தன. சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டுக்கு பாஸ் என்று இருந்தது. ஏகாம்பரத்தின் நோட்டில் ஹோல்டு. பழைய பதிவுகளைத் தோண்டியதில் இப்படி இன்னும் மூன்று. நான்கும் ஏகாம்பரத்தின் ஷிப்டு. மற்ற இரண்டு குமாஸ்தாக்கள் அடித்ததில் ஒன்றுகூட இல்லை.

போதாதா? சப்ளையருக்காக கம்ப்யூட்டரில் திருத்திவிட்டு, தப்பிக்க நோட்டில் சரியாக எழுதி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சப்ளையரின் லாரி டிரைவரோடு அவர் டீ குடித்ததைப் பார்த்த சாட்சியும் கிடைத்தது. டிரைவர் அவர் பக்கத்துத் தெருக்காரர். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. சஸ்பெண்ட் செய்து, உள்விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் புரோகிராமில் தவறு உண்டா என்று பார்த்து எழுத்தில் தரும்படி எங்களைக் கேட்டார்கள். என்னை அனுப்பினார் சேதுராமன்.

ஒன்றரை நாள் உட்கார்ந்து நூறு கட்டுகளுக்கு மேல் அடித்துப் பார்த்தேன். ஹோல்டு என்றால் ஹோல்டு, ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட். ஒரு தவறும் இல்லை. நான் புரோகிராம் எழுதியவன் அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தேன், நேராக, தயங்காமல். இரண்டாம் நாள் மதியம் வெளியே வந்தால், கேட்டுக்கு எதிர் டீக்கடையில் ஏகாம்பரம் நிற்கிறார். உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலும் இருக்க முடியவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவன் என் காதுபடவே கேட்டான்: "இன்னா அண்ணாத்தே, பாஸ் போட்டுப் போட்டே மாடி எழுப்பிட்டியாமே?"

நான் ஏகாம்பரத்தைத் தனியே அழைத்து, ஒரு கட்டு வந்தால் எந்தெந்த விசையை எந்த வரிசையில் அழுத்துவார் என்று கேட்டேன். காற்றில் விரலை வைத்து அழுத்திக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல ஹீட் நம்பரு. அப்பால எடை. அப்பால ரிசல்ட்டு, ஹோல்டுனு அடிப்பேன். அடிச்சிட்டு ஒடனே சேவ் பண்ண மாட்டேன் சார். ஹோல்டு போட்டா லைனே நின்னுடும், மேனேஜரு கத்துவாரு. அதனால எஃப்3 போட்டு அவனோட போன லோடு எப்டி கீதுனு ஒரு தபா பாத்துக்குவேன். திரும்பி வந்தா ஹோல்டுனு அப்டியே கீதா, இருக்கும். அப்பாலதான் எஃப்10."

"மத்தவங்களும் எஃப்3 பார்ப்பாங்களா?"

"அவனுங்களா? எவன் சார் பாப்பான்!"

என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு ஆளுதான் சார் இன்னா நடந்துச்சுனு கேட்டீங்க. மத்தவன்லாம் எவ்ளோ வாங்கினேனு கேக்கறான்" என்றார்.

உள்ளே போய் அவர் சொன்னபடி அடித்தேன். முதல் தடவையே வந்துவிட்டது. திரையில் ஹோல்டு. எஃப்10 அடித்துச் சேமித்துவிட்டு மறுபடி திறந்தால் பாஸ்.

அதற்குப் பிறகு எல்லாம் எளிது. எஃப்3 அழுத்தினால் பழைய பதிவு வந்து விழும் இடத்திலும் அதைச் சுற்றியும் ஒரே குறியீட்டு எழுத்தை நிரப்பி, பதிவைத் திறந்து, எது அழிந்திருக்கிறது என்று பைட் பைட்டாக, அதாவது எழுத்து எழுத்தாக, அச்சிட்டுப் பார்த்தேன். ஒதுக்கிய இடம் அறுபத்து நாலு பைட். வந்து விழுந்தது எழுபத்திரண்டு. பரிசோதனை முடிவை ஓர் எழுத்தாக இல்லாமல் முழுச் சொல்லாக வைக்கும்படி தொழிற்சாலை கேட்டபோது, பதிவின் கடைசியில் எட்டு பைட் கூட்டியிருந்தோம். எஃப்3 பகுதியில் மட்டும், அளவைப் புரோகிராமே கணக்கிடும்படி எழுதாமல், 64 என்று கையால் எழுதி வைத்திருந்தேன். அதை மாற்ற மறந்தேன். நூலகம் பதிவை முழுசாகக் கொடுத்தது. மிச்சம் எட்டு பைட் பக்கத்து இடத்தில் வழிந்தது. முதலில் புரோகிராம் நின்று போனதும் இந்த வழிசலால்தான்.

வழிந்த எட்டு பைட் என்பது பழைய கட்டின் முடிவு. பக்கத்து இடத்தில் இருந்தது, நிரந்தர ஒதுக்கீடு என்று நான் செய்த புண்ணியத்தால், அப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டின் முடிவு. பழைய பாஸ் வந்து புதிய ஹோல்டின் மீது உட்கார்ந்தது. திரையில் மட்டும் ஹோல்டு மாறவில்லை. எஃப்3க்குப் போகுமுன் திரையைப் படம் பிடித்தாற்போல் வைத்துக்கொண்டு, திரும்பியதும் அதையே ஒட்டுவோம். அவர் எத்தனை தடவை பார்த்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

பாஸ் மீது பாஸ் விழுந்தால் ஒரு சேதமும் இல்லை. சந்தேகமான கட்டு வந்து, அதை அவசரப்பட்டு முடிவு செய்யாமல் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் சேதம். அந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

வகுப்பில் இந்த இடத்தில்தான் கைதட்டல் வரும்.

மாலை நான்கு மணிக்கு சேதுராமன் வந்தார். அரைத்தாளைக் கொடுத்தேன். மூன்று வரியும் நிரம்பியிருந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சார்."

"இந்த நிமிஷம் இந்த மெஷின்ல இருக்கற புரோகிராம்ல தப்பு இருக்கா?"

"இல்லை."

"அப்ப, இல்லைன்னு எழுதறதுல என்ன பொய்?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், "சார், ஏகாம்பரம் வேலை போயிடும்" என்றேன்.

"இதே புரோகிராம் இன்னும் ஏழு இடத்துல ஓடுது. நம்ம புரோகிராம் தானா முடிவை மாத்திச்சுன்னு எழுத்துல கொடுத்தா நாளைக்கு நம்ம பதினோரு பேருக்கும் வேலை போயிடும். அந்த ஏழு இடத்துலயும் இன்னிக்கே மாத்திடுவோம். யூனியன் இருக்கு, அவரை யூனியன் பார்த்துக்கும்."

பென்சிலால் வரைவு எழுதினார். நான்கு வரி. கணினியில் தற்போது நிறுவப்பட்டுள்ள புரோகிராமை விரிவாகச் சோதித்ததில், உள்ளிடப்பட்ட முடிவுக்கும் சேமிக்கப்பட்ட முடிவுக்கும் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. தட்டச்சு செய்து என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சோதித்தவன் நானல்லவா. பென்சில்காரரின் பெயர் எங்கும் வரவில்லை.

போட்டேன். எனக்கு மனைவி மக்கள் இருந்தார்கள், வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அதெல்லாம் காரணமில்லை. 64 என்று எழுதியவன் நான், அரைத்தாள் எழுதாமல் வாயை அடைத்தவன் நான். அது வெளியே வருவதில் எனக்குப் பயம், அவமானம். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒரு வழி காட்டினார், ஓடிப் போய் நுழைந்துகொண்டேன். அவர் மீது கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது. படுகிறேன்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை, பர்சனல் ஆபீசர் அறையில் நடந்தது. கடிதத்தை என்னையே படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஏகாம்பரம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நோட்டை மடியில் வைத்திருந்தார்.

"சார், டீக்கடைல சொன்னேனே, எஃப்3. அத்த போட்டு பாத்தீங்களா?"

"பார்த்தேன். இன்னிக்கு இருக்கற புரோகிராம்ல தப்பு இல்லை."

அவர் என்னையே பார்த்தார். "இன்னிக்கி கத வேணாம் சார். அன்னிக்கி?"

எங்கள் கம்பெனியில் படித்தவர்கள் பதினோரு பேர். அந்தக் கடிதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒரே கேள்வியில் விரல் வைத்தவர் பத்தாவது படித்த அந்த மனிதர்தான். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. பர்சனல் ஆபீசர் முந்திக்கொண்டார். "ஏகாம்பரம், அவர் எழுத்துல கொடுத்துட்டார். குறுக்கு விசாரணை எல்லாம் வேணாம்." நான் வாயை மூடிக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என் மீது அருவருப்பு வருகிறது.

பதிவைத் திருத்தினார் என்று எழுதி வேலை நீக்கம் செய்தார்கள். அந்தக் காரணத்தோடு வெளியே வந்தவருக்கு எஸ்டேட்டில் வேறு எந்த ஸ்டோர்ஸில் இடம் கிடைக்கும்? எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. சேதுராமன் ஓய்வு பெற்று, மரியாதையாக வாழ்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதைய மொழிகளில் இந்தத் தவறு வராது என்று மலர் போடும் அந்தத் தம்பி சொன்னது சரிதான். எட்டு பைட் வழியாது. அந்த நான்கு வரிக் கடிதத்தை எந்த மொழியிலும் எழுதலாம்.

தொலைபேசி வந்த மறுவாரம் பாரிவாக்கம் போனேன். வயல் இருந்த இடமெல்லாம் மனையாகிவிட்டது. இரண்டு தெரு விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரு அடுக்குமாடிக் கேட்டில் பல வருடம் காவல் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டில் இருக்கிறார். என்னை உடனே தெரிந்துகொண்டார். அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால், தொழில் வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை.

அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார். "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நானே இவர சந்தேகப்பட்டேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏகாம்பரம், "அப்போ நான் எஃப்3 போட்டு பாக்காம வுட்டிருந்தா?" என்றார்.

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"பாத்ததுக்கா சார்?"

நடந்ததை விவரமாகத் தமிழில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஹீட் நம்பரு தப்பு சார். கடசி ரெண்டும் மாறிகீது. நாப்பத்தேழு இல்ல, எழுபத்துநாலு."

நான் மன்னிப்புக் கேட்டு, பேனாவை எடுத்து அதை அடித்துத் திருத்தப் போனேன். தாளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"அடிச்சித் திருத்தாத சார்! திருத்தினேன்னுதான என்னை ஊட்டுக்கு அனுப்புனீங்க? புச்சா எழுதிகினு வா."

தாளை என் கையில் திணித்தார். நான் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. ஏகாம்பரம் வெளியே வந்து நின்றார்.

"எப்போ வர?" என்றார்.

திங்கட்கிழமை என்றேன்.